எடைக்குப் போகாமல் தப்பித்த புத்தகங்கள்

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டது இது: "வயது 41. சின்ன வயதில் படித்த முத்து, லயன், ராணி காமிக்ஸ்களைத் திரும்ப வாங்கிச் சேர்க்க ஆசையாக இருக்கிறது. மனைவி சிரிக்கிறாள். ஸ்கேன் செய்த பிரதிகள் கைபேசியிலேயே கிடைக்கும்போது, பழுத்த தாளுக்குக் காசு கொடுப்பதில் அப்படி என்ன சுகம்? தொடங்குவதென்றால் இந்த ஊரில் எங்கே தொடங்குவது?"

மனைவி சிரிப்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. என் வீட்டில் 26 வருஷமாக அந்தச் சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'பழைய காமிக்ஸ்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்கக் கதைதான். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 1938-இல் 10 சென்ட். அதன் ஒரு பிரதி 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த நாட்டில் புத்தகத்துக்கு 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தர ஒரு நிறுவனமே 2000-இலிருந்து நடக்கிறது. சீலை உடைத்தால் மதிப்பெண் போச்சு. அதாவது அந்தப் புத்தகத்தை இனி யாரும் படிக்க முடியாது. ஊறுகாயை ஜாடியில் போட்டு மூடி, ஜாடியை மட்டும் பார்த்துக்கொண்டு பழைய சோறு சாப்பிடுகிற மாதிரி. அவர்கள் பணம், அவர்கள் இஷ்டம். ஆனால் அந்தக் கண்ணோடு தமிழ் காமிக்ஸ் சேர்க்க வராதீர்கள். நம் புத்தகங்களின் ருசியே வேறு இடத்தில் இருக்கிறது.

தமிழ் காமிக்ஸ் ஏன் அரிதாகிப்போனது? அச்சடித்தது குறைவு என்பதால் இல்லை. அவ்வளவு பேர் படித்ததால். ஒரு புத்தகம் ஒரு தெருவையே சுற்றி வரும். அட்டை முதலில் போகும், ஸ்டேப்லர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று விழும், கடைசியில் பள்ளி முடிந்த ஏதோ ஒரு மே மாதத்தில் நோட்டுப் புத்தகங்களோடு எடைக்குப் போகும். அங்கிருந்து பொட்டலக் கடைக்கு. முத்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி எத்தனை கிலோ வேர்க்கடலையைச் சுமந்திருப்பார் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. எடைக்குப் போகாதவற்றில் ஒரு பங்கை 1985-இல் சென்னை மூர் மார்க்கெட் தீ கொண்டுபோனது. பழைய புத்தகத்துக்குத் தமிழ்நாட்டின் தலைமைப்பீடம் அது. அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரின்போது பழைய தாள் சேகரித்துக் கொடுப்பது தேசத் தொண்டு என்று பிள்ளைகளிடம் சொல்ல, காமிக்ஸ்களும் மூட்டை மூட்டையாகப் போய்விட்டன. தப்பித்ததற்குத்தான் இன்றைக்கு அந்த விலை.

அதனால் என் கட்சி இதுதான்: தமிழில் கசங்காத பிரதி என்பது யாரும் படிக்காத பிரதி. எனக்கு அடிபட்ட பிரதிதான் வேண்டும்.

ஏன் என்று ஒரே ஒரு புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் அவென்யூ ரோடு நடைபாதையில் பழைய கன்னடப் பாடப்புத்தகக் குவியலுக்கு அடியில் சணல் கட்டிய கட்டு ஒன்று தெரிந்தது. ஓரத்தில் ஒரு சிவப்பு முதுகு. கடைக்காரர் என் கண் போன திசையைப் பார்த்துவிட்டார். "சார், சேத்து எடுத்துக்கோங்க, ஒண்ணொண்ணா பிரிச்சுக் குடுக்க மாட்டேன்" என்றார். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று ஐந்து நிமிடம் பேசி 12 புத்தகத்துக்கு 240 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் பாதி ராணி காமிக்ஸ், மீதியில் பெரும்பாலும் லயன், அடியில் ஒரே ஒரு முத்து காமிக்ஸ். அதன் உள்ளட்டையில் நீல மசியில் ஒரு பெண்ணின் பெயர், 7-ஆம் வகுப்பு, பி பிரிவு. கீழே: "இந்தப் புக்கைத் திருடுகிறவன் கை இரும்புக்கையாப் போகட்டும்." அதற்கும் கீழே வேறு கையெழுத்தில், பென்சிலில், தம்பியாகத்தான் இருக்க வேண்டும்: "போனா நல்லதுதானே."

அந்தத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். கதை தெரியாதவர்களுக்கு: இரும்புக்கை மாயாவி, அதாவது லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எந்தப் பையனுக்குத்தான் அது சாபம்? எங்கள் தெருவில் ஸ்விட்ச் போர்டைப் பார்த்து ஒரு கணம் யோசிக்காத பையனே கிடையாது. அந்த இரண்டு வரிகளை எந்த ஸ்கேனிலும் பார்க்க முடியாது. ஸ்கேன் செய்கிறவர் பாவம், சுத்தமான பிரதியாகத் தேடி எடுத்து, இருக்கும் கிறுக்கலையும் துடைத்துத்தான் ஏற்றுவார்.

ஸ்கேன்களை நான் குறை சொல்லவில்லை. என்னிடமும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கதை தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் ஒரு பழைய இதழில் கதை பாதிதான். ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம், அடுத்த வெளியீட்டு விளம்பரம் எல்லாம் சேர்ந்துதான் மீதி. குறிப்பாக அந்த விளம்பரங்கள். 'விரைவில்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கடைசிவரை வராமலே போன கதைகள் எத்தனையோ. வராத கதைகளுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிற நண்பர் எனக்கு இருக்கிறார். இருப்பதைச் சேர்ப்பது ஒரு ருசி என்றால், இல்லாததைச் சேர்ப்பது அதற்கும் மேல்.

அப்புறம் எழுத்து. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். முத்து காமிக்ஸ் சிவகாசியில் 1972-இல் தொடங்கியது. பழைய காமிக்ஸில் பேச்சுப் பலூனுக்குள் இருக்கும் வசனத்தை ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதியிருப்பார். ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வரைந்த பலூன் அது; நாலு சின்ன வார்த்தை இருந்த இடத்தில் 'தப்பித்துவிடலாமென்று நினைக்காதே' நுழைய வேண்டும். எழுத்து நெருங்கும், சரியும், கடைசி வரி பலூனின் அடியில் வால் மாதிரி வளைந்து போகும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரே புத்தகத்தில் இரண்டு கை எழுதியிருப்பது தெரியும். ஒருவர் 'க'வின் கழுத்தை நீட்டுவார், இன்னொருவர் அமுக்குவார்.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய இதழ்களில் லை, னை, ணை எல்லாம் தலைக்கு மேல் துதிக்கையைச் சுருட்டிய பழைய வடிவத்தில் இருக்கும். னா, றா, ணா கூட ஒரே எழுத்தாகச் சுழித்துக்கொண்டிருக்கும். '1974 ஒரிஜினல் சார்' என்று யாராவது நீட்டினால் நான் முதலில் பார்ப்பது அட்டையை இல்லை, ஒரு 'லை'யை. துதிக்கை இல்லை என்றால் அது பின்னால் எழுத்து மாற்றி வந்த மறுபதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இது முடிவான சாட்சி இல்லை, ஆனால் பேரம் பேசப் போதும்.

சத்தங்களையும் விடக்கூடாது. டுமீல், டமால், ணங், க்ரீச், தொபுக்கடீர். ஒரு துப்பாக்கி தமிழில் 'டுமீல்' என்று வெடித்தால்தான் எனக்கு ஆள் விழுந்த நம்பிக்கை வரும்.

வளர்ந்த பிறகு சேர்ப்பவனுக்குக் கிடைக்கும் இன்னொரு சுகம், வேரைத் தேடிப் போவது. சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி சிவகாசிக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் 1962-இல் பிரிட்டனில் வேலியன்ட் என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். அந்தக் கனமான நிழல்களை வரைந்தது ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, வேறு ஆள்) இன்னும் சுவாரசியம். 1965-இல் பிரிட்டனின் லயன் பத்திரிகையில் வந்தவன். முதலில் டெட் கோவன் எழுதினார், பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1938-இல் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். மேலே சொன்ன 60 லட்சத்தையும் இந்த 130-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த சீகல் பிறகு ஒரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்கு, காதோரம் கூர்மையான ஒரு குற்றச் சக்கரவர்த்தியைப் பற்றி எழுத, அது 80-களில் தமிழ் லயனில் வந்து, ஸ்ரீராமபுரத்தில் ஒரு பெட்டிக்கடை வாசலில் கிளிப் மாட்டித் தொங்கி, நான் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபடியே படித்தேன். கடைக்காரர் "வாங்குறியா, வைக்கிறியா" என்றார். வைத்தேன். அந்த இதழை வாங்க எனக்கு இன்னொரு 19 வருஷம் ஆனது.

பெங்களூர்க்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு உபரி சந்தோஷம் உண்டு. அமர் சித்ர கதா சேர்க்கிறவர்கள் ஆங்கில வரிசையில் 1 முதல் 10 வரை தேடித் தேடிச் சலித்துப்போவார்கள். கிடைக்காது, ஏனென்றால் இல்லை. அந்தப் பத்து எண்களும் கன்னடத்தில் வந்த மேலைநாட்டுத் தேவதைக் கதைகள். ஆங்கில வரிசையே 11-ஆம் எண் 'கிருஷ்ணா'வில்தான் தொடங்குகிறது, ராம் வயீர்கர் வரைந்தது. அந்தக் கன்னடப் பதிப்பு பிறந்தது இந்த ஊர்ப் புத்தக வியாபாரத்தில். வரிசையைக் கட்டி வளர்த்த அனந்த் பை கர்நாடகத்துக் கார்க்களாவில் பிறந்தவர்; அதற்கு முன் டைம்ஸ் ஆப் இந்தியா குழுமத்தில் இந்திரஜால் காமிக்ஸ் வேலையில் இருந்தவர்.

இந்திரஜால் 1964 மார்ச்சில் தொடங்கி 1990-இல் நின்றது. தமிழிலும் கொஞ்ச காலம் வந்தது. அதில் வேதாளர் என்ற முகமூடி நாயகன் வசிக்கும் நாட்டின் பெயரை உற்றுப் பாருங்கள். மூலத்தில் அது பெங்காலி. நம் ஊர் வாசகனுக்குக் குழப்பம் வருமென்று 'டெங்காலி' ஆக்கிவிட்டார்கள். கதையில் வரும் சிங் கடற்கொள்ளையர்கள் 'சிங்கா' ஆனார்கள். ஒரு எழுத்தை மாற்றி ஒரு மாநிலத்தின் மானத்தைக் காப்பாற்றிய வேலை அது.

சரி, எங்கே தேடுவது. சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வோர்ம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பிரிகேட் ரோடு சந்தில் செலக்ட், 1945-இலிருந்து இருக்கும் கடை. இங்கெல்லாம் ஆங்கில இந்திரஜால், அமர் சித்ர கதா, டின்டின், கமாண்டோ மாதிரிச் சமாசாரம் அகப்படும், தமிழுக்காகப் போகாதீர்கள். தமிழ் காமிக்ஸ் கடையில் இருப்பதில்லை, வீட்டில் இருக்கிறது. அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் என்று மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கும் பேட்டைகளில் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டும்போது பரணிலிருந்து இறங்கும். இறங்கியதும் நேராகத் தெருமுனைக் குஜரிக் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போகும். ஆகவே உங்கள் பேட்டைக் குஜரிக்காரரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "தமிழ்ப் படக்கதைப் புத்தகம் வந்தா எடுத்து வையுங்கண்ணே, எடை விலைக்கு மேல தரேன்" என்று சொல்லி, நம்பர் கொடுத்து, மாதம் ஒரு தடவை தலையைக் காட்டினால் போதும். அல்சூரில் ஒருவர் எனக்கு இரண்டு வருஷம் ஒன்றும் தரவில்லை. மூன்றாவது வருஷம் ஒரே நாளில் ஒரு பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டி நிறையத் தந்தார். அதில் பாதி பூந்தளிர், சிறுவர் பத்திரிகை. அதுவும் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவென்யூ ரோட்டுக்குப் போவதென்றால் 8 மணிக்குள் போய்விடுங்கள். 10 மணிக்கு வெயிலும் கூட்டமும் வந்த பிறகு குனிந்து கிளற முடியாது. வாங்கும் முன் அட்டையைப் பார்த்து மயங்காமல் நடுவைத் திறந்து பாருங்கள். பின் இருக்கிறதா, நடுத்தாள் இருக்கிறதா. பிறகு பக்க எண்களை ஓட்டுங்கள். பரிசுக் கூப்பன் வெட்டிய ஜன்னல் வழியே பின்பக்க வில்லனின் மூக்கு தெரிவது சகஜம், அதற்காகப் பேரம் பேசலாம், விட்டுவிடக் கூடாது. இணையத்தில் வாங்கினால் அட்டையை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறவரிடம் உள்பக்கம் நாலைந்து கேளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் பணம் அனுப்பி, பளபளப்பான ஜெராக்ஸ் அட்டைக்குள் வேறு ஏதோ கதை வந்து சேர்ந்தது. விலை பற்றி ஒரு சொல்: புதிதாக வருகிறவர் ஆசையில் கேட்ட விலை கொடுத்துச் சந்தையையே கெடுத்துவிடுகிறார்கள். நீங்கள் முதல் வருஷம் கையில் வந்ததை மட்டும் வாங்குங்கள். குறிப்பிட்ட இதழுக்கான வெறி தானாக வரும், அவசரப்பட வேண்டாம். கதைதான் வேண்டும் என்றால் லயன்-முத்து மறுபதிப்புகளே நல்ல தாளில் வந்திருக்கின்றன, 2012 ஜனவரியில் லயன் திரும்பி வந்த பிறகு அச்சுத் தரம் எங்கேயோ போய்விட்டது.

வைத்துக்கொள்வதில் நான் செய்த பாவங்களைச் சொல்கிறேன். ஒன்று, 24 இதழ்களை ஒன்றாகக் கட்டி பைண்டிங் கொடுத்தேன். அந்த மனிதர் அழகாக ரெக்சின் போட்டு, முதுகில் தங்க எழுத்தும் போட்டுத் தந்தார். ஓரம் சமமாக இருக்கட்டும் என்று கட்டிங் மெஷினில் மேலே அரை அங்குலம் வெட்டியிருந்தார். மேல் வரிசைப் பலூன்களுக்கெல்லாம் தலை இல்லை. இன்றும் அந்தத் தொகுப்பில் எல்லோரும் பாதி வாக்கியத்திலிருந்துதான் பேசத் தொடங்குகிறார்கள். இரண்டு, செல்லோடேப். கிழிந்த தாளில் ஒட்டினால் சில வருஷத்தில் பசை மஞ்சளாகி, தாளுக்குள் ஊறி, பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

தாள் மஞ்சளாவதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். செய்தித்தாள் ரகத் தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே தங்கியிருக்கும்; வெளிச்சமும் காற்றும் படப்பட அது பழுத்து அமிலமாகித் தாளை நொறுக்கும். பழைய புத்தகத்தில் லேசாக வெனிலா மாதிரி ஒரு வாசனை வருமே, அதுவும் தாள் சிதைகிறபோது வருவதுதான். நாம் ஆனந்தமாக மோந்து பார்ப்பது புத்தகம் சாகிற வாசனையை. அலமாரியில் வெயில் விழக்கூடாது. பளபளவென்று வழுக்கும் மலிவு பி.வி.சி. உறை வேண்டாம், அது நாளாக ஆகப் பிசுபிசுத்து அட்டையின் மையைக் கழற்றும். பாலிபுரோப்பிலின் உறை வாங்குங்கள். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துவிடலாம். சென்னையோடு பார்த்தால் பெங்களூர் தாளுக்கு நல்ல ஊர்தான், ஆனால் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்கு மேலே லாஃப்ட் வைக்கிறார்கள் பாருங்கள், அங்கே மட்டும் வைக்காதீர்கள். ஜூனில் வைத்தால் அக்டோபரில் பூஞ்சை. இராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போட்டால் பூச்சி போகும், வாசனை போகாது. மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டினால் பூச்சி தங்காது. படிப்பதுதான் மருந்து.

ஸ்கேன் இருக்கும்போது எதற்கு என்று கேட்டீர்கள். அந்த 240 ரூபாய்க் கட்டில் இருந்த முத்து காமிக்ஸைத் திரும்ப எடுக்கிறேன். அது லாரன்ஸ்-டேவிட் என்ற ஜோடியின் கதை. அதில் 61, 62-ஆம் பக்கங்கள் இல்லை. 60-இல் டேவிட்டைத் தண்ணீர் நிறையும் அறையில் அடைத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். தண்ணீர் இடுப்பு வரை. 63-இல் இரண்டு பேரும் காரில் போய்க்கொண்டிருக்கிறார்கள், சட்டை காய்ந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணும் தம்பியும் கண்டிப்பாகச் சண்டை போட்டிருப்பார்கள். பக்கத்தைக் கிழித்ததே அவர்களில் ஒருவராக இருக்கலாம். முழுக் கதையும் ஸ்கேனாக என் மடிக்கணினியில் இருக்கிறது, நண்பர் அனுப்பி ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் திறக்கவில்லை. அவென்யூ ரோட்டில் என்றைக்காவது அந்த இதழின் இன்னொரு பிரதி உங்கள் கையில் மாட்டினால் வாங்கி வையுங்கள், 61 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கதையைச் சொல்லிவிடாதீர்கள்.